நடுக்கடலில் ஒரு காவல்காரன்!

ஆள் இல்லை, துடுப்பு இல்லை, என்ஜினும் இல்லை. ஆனாலும் இரவு பகலாகப் புயலை வேவு பார்க்கிறது ஒரு மஞ்சள் மிதவை!

கார்த்திகை மாதம். வானம் மூடிக் கிடக்கிறது. காற்று லேசாகத்தான் வீசுகிறது. ஆனால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டது!

"மீனவர்கள் யாரும் கடலுக்குப் போகவேண்டாம்" என்று ஒலிபெருக்கி முழங்குகிறது. கட்டுமரங்களை மேட்டுக்கு இழுக்கிறார்கள். விசைப்படகுகளைக் கயிறு போட்டு இறுகக் கட்டுகிறார்கள். வலைகளைச் சுருட்டி வீட்டுக்குள் வைக்கிறார்கள்.

கரையில் நிற்கும் சிறுவன் ஒருவன் கேட்கிறான்: "கடல் சும்மாத்தானே கிடக்கிறது? புயல் வருவது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?"

நல்ல கேள்விதான்! கரையிலிருந்து 600, 700 கிலோமீட்டருக்கு அப்பால் காற்று சுழலத் தொடங்கியிருக்கிறது. அங்கே ஊர் இல்லை. வீடு இல்லை. சேதி சொல்ல ஓர் ஆளும் இல்லை. பிறகு யார் சொன்னது?

வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் மேகத்தைப் படம் பிடித்து அனுப்பியது. அது பாதிச் சேதி. கடலின் மேல் கிடந்து காற்றையும் அலையையும் தொட்டு அளந்து சொன்னது ஒரு மிதவை. அது மீதிச் சேதி.

நோயாளியின் முகத்தைப் பார்த்தால் காய்ச்சல் என்று ஊகிக்கலாம். எத்தனை டிகிரி காய்ச்சல் என்று அறிய வேண்டுமானால்? நாக்கின் அடியில் தெர்மாமீட்டர் வைத்துத்தானே பார்க்க வேண்டும்! கடலுக்கு வைத்த தெர்மாமீட்டர்தான் இந்த மிதவை.

கப்பல் சொன்ன கதை

முன் காலத்தில் இந்த வசதி ஒன்றும் இல்லை. புயலைப் பற்றி மனிதன் அறிந்தது எல்லாம் கப்பல்காரர்கள் சொன்ன கதைதான்.

கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். புயலில் சிக்கித் தப்பி வந்த கப்பல்களின் குறிப்புப் புத்தகங்களை அவர் தேடித் தேடிப் படித்தார். எந்த நாளில், எந்த இடத்தில், எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். பாம்பு சுருண்டு கிடப்பது போலப் புயல் காற்று வட்டமிட்டுச் சுழல்கிறது என்பதை விளக்கினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-ல் அவர்தான் வைத்தார்.

பெயர் கிடைத்தது. ஆனால் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. 1864 அக்டோபர் 5-ந் தேதி கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. கடல் நீர் ஆற்று வழியே மலைபோல் ஏறி வந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே மசூலிப்பட்டணத்தை இன்னொரு புயல் அழித்தது. அந்தச் சோகங்களுக்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது.

இருந்தும் ஒரு சங்கடம் தீரவில்லை. நடுக்கடலில் காற்றை அளந்து சொல்லக் கப்பலை விட்டால் வேறு கதி இல்லை. புயல் வருகிறது என்று தெரிந்ததும் கப்பல் என்ன செய்யும்? வேறு பக்கம் திரும்பி ஓடிவிடும்! எந்த இடத்தின் சேதி மிகவும் தேவையோ, அந்த இடத்தில் சேதி சொல்ல ஆள் இருக்காது.

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவைத் தமிழ்நாடு எப்படி மறக்கும்? பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் ரயிலை அலை விழுங்கியது. அதில் இருந்தவர்கள் மீளவில்லை. ரயில் நிலையமும், கோயிலும், மாதா கோவிலும், வீடுகளும் இருந்த தனுஷ்கோடி ஒரே இரவில் இடிந்த சுவர்களாயிற்று. வங்கக் கடலின் நடுவே நின்று அந்தப் புயலை அளந்து சொல்ல, அன்று நம் நாட்டுக்கு ஒரு மிதவைகூட இல்லை.

கப்பலே காவல் நின்ற காலம்

உலகப் போர் முடிந்ததும் மேல்நாடுகள் ஒரு காரியம் செய்தன. 1946-ல் ஒரு கூட்டம் கூடி, கடலில் 13 இடங்களைக் குறித்தன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கப்பல் நிற்க வேண்டும். சரக்கு ஏற்ற அல்ல. மீன் பிடிக்க அல்ல. காற்றையும் மழையையும் அளந்து சொல்வதற்காகவே!

மற்றக் கப்பல்கள் புயலைக் கண்டு ஓடும். இந்தக் கப்பல் ஓடக்கூடாது. அலை தூக்கி எறிந்தாலும் அங்கேயே வட்டமிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வாரக்கணக்கில் அந்த மாலுமிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. செலவும் கொஞ்சமல்ல. அதனால் ஒவ்வொரு கப்பலாகக் குறைந்தது. நார்வே நாட்டின் 'போலார்பிரண்ட்' என்ற கப்பல்தான் கடைசி. அதன் காவல் 2010 ஜனவரி முதல் தேதியோடு முடிந்தது.

கப்பலின் இடத்தை எடுத்துக்கொண்டது மிதவை. அதற்குச் சம்பளம் வேண்டாம். சாப்பாடு வேண்டாம். தூக்கம் வராது. பயமும் வராது!

அமெரிக்கக் கடற்படைக்காக 1940-களிலேயே படகு உருவத்தில் ஒரு மிதவையை வடிவமைத்தார்கள். அதன் நீளம் 6 மீட்டர். பிறகு 12 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமான ராட்சத மிதவைகளும் வந்தன. ஒரு வீட்டையே கடலில் மிதக்க விட்டது போல இருக்கும்! பின்னர் கருவிகள் சிறுத்தன, மிதவையும் சிறுத்தது. முன்பு வீடு போல் இருந்த மிதவை இன்று ஓர் அறைக்குள் அடங்கிவிடும்.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

பெரிய தட்டு ஒன்றைக் கவிழ்க்காமல் தண்ணீரில் விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே ஒரு கம்பம். அவ்வளவுதான் மிதவையின் உருவம். உடல் முழுவதும் மஞ்சள் வர்ணம். கப்பல்காரர்கள் தூரத்திலேயே கண்டு ஒதுங்கிப் போவதற்காக இந்த நிறம். இரவில் மஞ்சள் விளக்கு மின்னும். 20 விநாடிக்குள் 5 தடவை மின்னினால், "நான் கடலை அளக்கும் மிதவை" என்று அர்த்தம். இது மாலுமிகளுக்குத் தெரிந்த பாஷை.

கம்பத்தின் உச்சியில் காற்றை அளக்கும் கருவி. பழைய மிதவைகளில் காற்றாடி சுற்றும். அது உப்பு படிந்து இறுகிவிடும். பறவை வந்து உட்கார்ந்தாலும் கெட்டுப்போகும். இப்போது பல மிதவைகளில் சுற்றும் பாகமே இல்லை. காதுக்குக் கேட்காத ஒலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அனுப்புகிறது. காற்று தள்ளினால் ஒலி சீக்கிரம் போய்ச் சேரும். காற்று எதிர்த்தால் தாமதமாகும். அந்தத் துளி நேர வித்தியாசத்தைக் கொண்டே காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டு விடுகிறது.

அடுத்தது காற்றின் அழுத்தம். புயலின் நாடி இதுதான்! சாதாரண நாளில் கடலின் மேல் இது சுமார் 1,010 மில்லிபார் இருக்கும். புயல் நெருங்க நெருங்க இறங்கும். கடும் புயலின் நடுவில் 950-க்கும் கீழே போய்விடும். மேகப் படத்தைப் பார்த்து இதை மதிப்பிடத்தான் முடியும். நேரில் அளக்க வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு கருவி இருந்தாக வேண்டும்.

வெப்பம், ஈரம், மழை, வெயில் இவற்றுக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. தட்டின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு கருவி, மிதவை எவ்வளவு ஏறி இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிக்கிறது. அலை ஆட்டுகிறது, அந்த ஆட்டத்தைக் கொண்டே அலையின் உயரத்தைக் கண்டுவிடுகிறது!

வேலை செய்ய மின்சாரம் வேண்டுமே? கம்பத்தைச் சுற்றிச் சூரிய ஒளித் தகடுகள் இருக்கின்றன. பகலில் வெயிலைக் குடித்துப் பாட்டரியில் சேர்த்து வைக்கும். மேகம் மூடிய நாட்களில் அந்தச் சேமிப்புதான் கை கொடுக்கும்.

அளந்ததை எல்லாம் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது மிதவை. அங்கிருந்து சில நிமிடங்களில் கரைக்குச் சேதி வந்துவிடுகிறது.

இரண்டு மைல் கயிறு!

மிதவை நகர்ந்து போய்விட்டால்? கட்டிப் போடத்தானே வேண்டும்! வங்கக் கடலின் நடுவில் ஆழம் 3,000 மீட்டருக்கும் மேல். ஏறத்தாழ இரண்டு மைல்!

அந்த ஆழத்துக்கு டன் கணக்கில் எடையுள்ள இரும்பை இறக்குகிறார்கள். அதிலிருந்து மிதவை வரை கயிறு போகிறது. கயிறு விறைப்பாக இருந்தால் பெரிய அலையில் மிதவை மூழ்கிவிடும். அல்லது கயிறு அறுந்துவிடும். அதனால் ஆழத்தைவிடக் கூடுதல் நீளம் விடுகிறார்கள். தளர்ந்த பகுதி மிதவையைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாதபடி நடுவே சிறு மிதப்புகளைக் கட்டுகிறார்கள். பட்டம் விடுகிறவன் நூலைத் தளர்த்திப் பிடிப்பது போல, கடலின் ஆட்டத்துக்கு ஏற்ப விட்டுக்கொடுக்கும் கயிறு அது.

கயிற்றின் மேல் பகுதியில்தான் இந்தக் காலத்தின் புதுமை இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் போர்த்த இரும்புக் கம்பி. அதில் முத்து கோத்தது போலக் கருவிகள். 500 மீட்டர் ஆழம் வரை தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அவை அளக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்தால் எத்தனை ஒயர் வேண்டும்! இங்கே ஒரே கம்பி எல்லாச் சேதியையும் மேலே ஏற்றுகிறது.

புயலுக்கு என்ன சாப்பாடு?

காற்றை அளப்பது சரி. 500 மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் என்ன வேலை? இங்கேதான் புயலின் ரகசியம் இருக்கிறது.

புயலுக்குச் சாப்பாடு வெந்நீர்! கடலின் மேல்நீர் சுமார் 26 1/2 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் புயல் வளரத் தோதாகும். ஐப்பசி மாதத்தில் வங்கக் கடல் பெரும்பாலும் அதைவிடச் சூடாகவே இருக்கிறது. அந்தச் சூட்டில் எழும் நீராவிதான் புயலுக்குப் பலம்.

சட்டியில் கஞ்சி இருக்கிறது. மேலே சூடு, அடியில் ஆறிப்போய்விட்டது. கரண்டியால் கலக்கினால் என்ன ஆகும்? மேலே இருந்த சூடும் தணியும். புயல் கடலைக் கலக்கும்போதும் இதுவே நடக்கிறது. சூடான நீர் மெல்லிய ஏடாக இருந்தால், அடியில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். புயல் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். சூடான நீர் ஆழம் வரை இருந்தாலோ, எவ்வளவு கலக்கினாலும் சூடு குறையாது. புயல் கொழுத்துவிடும்!

வங்கக் கடலில் இன்னொரு விசேஷம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய நதிகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நன்னீர் எடை குறைந்தது. அது உப்பு நீரின் மேல் மூடி போட்டது போல் நிற்கும். அடியில் உள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வர விடாது. வங்கக் கடலில் புயல் எளிதில் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலைத்தான். உள்ளே சூடு எவ்வளவு ஆழம் போகிறது, உப்பு எங்கே கூடுகிறது என்பதைக் கண்டறியக் கருவி தண்ணீருக்குள்ளே இருக்க வேண்டும். மிதவைக் கயிற்றில் கருவிகளைக் கோத்தது இதற்காகத்தான்.

பள்ளிக்கரணைக்கு வரும் சேதி

இந்தியாவின் மிதவைகளுக்குத் தலைமையகம் எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னையில்! பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். 1993-ல் தொடங்கிய நிலையம் அது. 1996-ல் அங்கே மிதவைத் திட்டம் உருவாயிற்று. நார்வே நாடு உதவியது. 1997-ல் முதல் மிதவைகள் கடலில் இறங்கின.

ஆரம்பத்தில் வெளிநாட்டு மிதவைகளையே நம்பியிருந்தோம். நாளடைவில் நம் பொறியாளர்கள் தாங்களே கருவிகளை இணைத்தார்கள். சேதியைச் சேகரித்து அனுப்பும் மின் மூளையை உருவாக்கினார்கள். 2010-க்குப் பின் ஆழ்நீரையும் அளக்கும் புதிய ரக மிதவைகள் வரத் தொடங்கின. 'ஆம்னி' என்று அவற்றுக்குப் பெயர். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அவை நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வங்கக் கடல் மிதவை என்றால் 'பி.டி.' என்றும், அரபிக் கடல் மிதவை என்றால் 'ஏ.டி.' என்றும் எண் தொடங்கும்.

மிதவை அனுப்பும் சேதி பள்ளிக்கரணைக்கு வருகிறது. அங்கிருந்து ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையத்துக்கும், வானிலைத் துறைக்கும் போகிறது. கடைசியில் துறைமுகத்தில் கூண்டாக ஏறுகிறது. வானொலியில் சேதியாக ஒலிக்கிறது.

பலன் உண்டா? ஒரிசாவைக் கேளுங்கள்! 1999 அக்டோபர் 29-ந் தேதி அடித்த பெரும் புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 12-ந் தேதி 'பைலின்' என்ற கடும் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. அதற்குள் ஏறத்தாழ 10 லட்சம் பேரை மேடான இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. செயற்கைக்கோள், ராடார், புயல் காப்பகம், ஊர் ஊராக ஓடிய ஊழியர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. வங்கக் கடலில் நின்று அந்தப் புயலை அளந்த மிதவைகளுக்கும் பங்கு உண்டு.

ஆறு மாடி உயர அலை!

மிதவை காணும் காட்சிகளை மனிதன் கண்டால் சொல்ல உயிரோடு இருக்க மாட்டான்! 2013 பிப்ரவரி 4-ந் தேதி, ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே அட்லாண்டிக் கடலில் ஒரு பிரிட்டிஷ் மிதவை நின்றுகொண்டிருந்தது. அன்று அது 19 மீட்டர் அலையை அளந்தது. ஆறு மாடிக் கட்டிடத்தின் உயரம்!

ஒரே ஓர் அலை அவ்வளவு உயரம் என்று எண்ண வேண்டாம். வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைப் போடுவது வழக்கம். அந்தச் சராசரியே 19 மீட்டர்! மிதவை அளந்த அலைகளிலே இது உலக சாதனை என்று 2016-ல் உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அத்தனை அலையிலும் மிதவை கவிழாமல் நின்று கணக்குச் சொன்னது.

ஒரு பெட்டி கெட்டால் ஒரு பெட்டி

இன்று உலகெங்கும் பழைய மிதவைகளைப் புதுப்பிக்கிறார்கள். புதுப்பிப்பது என்றால் வர்ணம் பூசுவதல்ல.

முன்பு ஒரு கருவி கெட்டால் மிதவையையே கரைக்குக் கொண்டுவர நேரும். இப்போது அமெரிக்காவில் கருவிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக வைக்கிறார்கள். கெட்ட பெட்டியை மட்டும் கழற்றிவிட்டு நல்லதை மாட்டினால் போதும். முக்கியமான கருவிகளை இரண்டு இரண்டாகவும் வைக்கிறார்கள். ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பேசும். பல மிதவைகளில் கேமராவும் உண்டு. நடுக்கடலின் வானத்தைக் கரையில் இருப்பவர்கள் நாற்புறமும் பார்க்கலாம்!

கட்டிப் போடாத மிதவைகளும் இருக்கின்றன. கடல் நீரோட்டத்தோடு அலைந்து திரிந்து சேதி அனுப்புபவை ஒரு வகை. இன்னொரு வகை 'ஆர்கோ'. அது 2,000 மீட்டர் ஆழம் வரை முழுகும். பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து, தான் கண்டதைச் சொல்லிவிட்டு மறுபடி முழுகிவிடும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோக்கள் உலவுகின்றன.

ஆனாலும் கட்டிப் போட்ட மிதவைக்கு ஈடு இல்லை. ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் நின்று, காற்றையும் கடலையும் சேர்த்துக் கவனிக்கும் காவல்காரன் அதுதான்.

மிதவைக்குப் பகைவர் யார்?

புயலைத் தாங்கும் மிதவைக்கு வேறு பகைவர்கள் இருக்கிறார்கள். முதல் பகை உப்பு. இரும்பைத் தின்றுவிடும். இரண்டாவது பகை, சிப்பி போல ஒட்டிக்கொண்டு வளரும் சின்னஞ்சிறு உயிர்கள். கருவியின் முகத்தில் அவை படிந்துவிட்டால் அளவு தப்பாகிவிடும். ஆகையால் 'சாகர் நிதி' போன்ற கப்பல்கள் கடலுக்குப் போய்ப் பழைய மிதவையைத் தூக்கி எடுத்து, புதியதை இறக்குகின்றன.

கப்பல் போகாவிட்டால் என்ன ஆகும்? பசிபிக் கடலே சாட்சி. 1982-ல் எல்-நினோ என்ற கடல் வெப்பம் யாரும் முன்கூட்டி அறியாமல் வந்து, பல நாடுகளை மழையாலும் வறட்சியாலும் வாட்டியது. அதன் பிறகு பூமத்திய ரேகை நெடுகச் சுமார் 70 மிதவைகளை வரிசையாக நிறுத்தினார்கள். 1994-ல் அந்த வேலை முடிந்தது. உலகமே பாராட்டியது. 2012-ல் பணம் போதவில்லை என்று, அவற்றைப் பராமரித்த கப்பலை நிறுத்திவிட்டார்கள். மிதவைகள் ஒவ்வொன்றாக ஊமையாயின. 2014-ன் தொடக்கத்தில் வரவேண்டிய சேதியில் 40 சதவீதம்தான் வந்தது. பிறகு பதறிப்போய் மறுபடி சரிசெய்தார்கள். மிதவை வாங்கினால் போதாது. போய்ப் பார்த்து வரவும் வேண்டும்!

மூன்றாவது பகைவன் மனிதன். இதுதான் வேதனையான கதை.

நடுக்கடலில் ஒரு பொருள் மிதந்தால் அதன் நிழலில் சிறு மீன்கள் சேரும். அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். ஓலையையும் மரக்கிளையையும் கட்டிப் போட்டு மீன் சேர்ப்பது நம் மீனவர்கள் அறிந்த வித்தைதானே? மிதவையும் அப்படியே. கீழே சூரை மீன் கூட்டம் சுற்றும். அதைக் கண்ட படகுக்காரர்கள் வலை போடுவார்கள். சிலர் மிதவையிலேயே படகைக் கட்டிவிட்டு இரவு தங்குவார்கள்.

படகு இழுக்கிற இழுப்பில் கயிறு அறும். வலை சிக்கிக் கருவி பிய்ந்து போகும். இன்னும் சிலர் சூரிய ஒளித் தகடுகளையும் பாட்டரியையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். நம் கடலில் மட்டுமல்ல. உலகின் பல கடல்களிலும் இந்தக் கொடுமை நடக்கிறது. கேமரா வைத்தும் பார்க்கிறார்கள். மீனவர் ஊர்களுக்குப் போய் மிதவையின் படத்தைக் காட்டி எடுத்தும் சொல்கிறார்கள்.

ஒரு மிதவை ஊமையானால், அந்த இடத்துக்குக் கப்பல் போய்ச் சேர நாள் ஆகும். மழைக்காலத்துக் கொந்தளிப்பில் போகவும் முடியாது. அந்தச் சமயத்தில் புயல் வந்தால்?

யாருக்காக இந்தக் காவல்?

2017 நவம்பர் கடைசி. குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தொழில் அவர்களுடையது. நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே 'ஒக்கி' புயலாக மாறிவிட்டது. கரைக்கு வந்த எச்சரிக்கை, கடலில் இருந்தவர்களை எட்டவில்லை. கரையிலிருந்து சில மைல் தாண்டிவிட்டால் செல்போன் பேசாதே! நூற்றுக்கணக்கான குடும்பங்கள் திரும்பி வராதவர்களுக்காகக் கடற்கரையில் காத்து நின்றன.

அந்தத் துயரம் ஒரு பாடம் சொல்லியது. புயலை அளந்தால் மட்டும் போதாது. நேரத்தோடு கணித்தும் ஆக வேண்டும். கணித்ததைப் படகு வரை கொண்டுபோகவும் வேண்டும். 2019-ல் 'ஜெமினி' என்ற சிறு கருவி வந்தது. செல்போன் எட்டாத தூரத்திலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, மீனவரின் செல்போனிலேயே காட்டும். எங்கே மீன் அதிகம் கிடைக்கும் என்பதையும் சொல்லும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஜெமினி பேச வேண்டுமானால், முதலில் யாராவது அதற்குச் சேதி கொடுக்க வேண்டும். கணிக்கும் நிபுணருக்குக் கடலின் நாடி தெரிய வேண்டும். அந்த நாடியைப் பிடித்துச் சொல்வது யார்? இரவில் மஞ்சள் விளக்கை மின்னிக்கொண்டு தனியாக நிற்கும் அந்த மிதவைதான்!

அதில் படகைக் கட்டுகிறவர் தம் வீட்டு வாசலில் நிற்கும் காவல்காரனின் கழுத்தில் கயிறு போடுகிறார். அதன் பாட்டரியைக் கழற்றுகிறவர் தம் பிள்ளைக்கு வரவேண்டிய எச்சரிக்கையைக் கழற்றுகிறார். அன்று ஒரு கூடை மீன் கூடக் கிடைக்கலாம். நாளை அடிக்கும் காற்றுக்கு அந்தக் கூடை ஈடாகுமா?

வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்தவர்கள் நம் மீனவர்கள். நீரின் நிறத்தைப் பார்த்தே மீன் இருக்கும் இடம் சொல்பவர்கள். மிதவையைக் காக்கவும் அவர்களைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்கள். கண்டால் ஒதுங்கிப் போகலாம். வலையைத் தள்ளிப் போடலாம். அறுந்து மிதந்து வந்தால் கரையில் சொல்லலாம். கடலுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கலாம்.

கரையில் நின்று கேள்வி கேட்ட அந்தச் சிறுவனுக்கு இனிப் பதில் சொல்லலாம். "தம்பி, நடுக்கடலில் நமக்காக ஒருவன் விழித்திருக்கிறான். அவன் சொல்லித்தான் கூண்டு ஏறியது. உன் அப்பா இன்று வீட்டில் இருக்கிறார்!"